கணினிப் பட்டியலைப் படத்திலிருந்து தொடங்குதல்: வட சிலாங்கூர்ப் படப்பிடிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களிலும் திருமணம், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா எனப் படம் பிடித்துத் தொழில் நடத்தும் அன்பர்களுக்கும், வார இறுதிகளில் மட்டும் அத்தொழிலில் இறங்கியிருக்கும் இளையோருக்கும் எழுதப்படும் மடல் இது.

கேமராவும் லென்சும் வாங்கிய பிறகு மிஞ்சும் பணத்தில்தான் பெரும்பாலும் கணினி வாங்கப்படுகிறது. அந்த மிச்சம் 3,500 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால்கூட, 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் அது இரண்டு மாத உழைப்பைவிட அதிகம். அத்தகைய தொகையுடன் கடைக்குச் செல்பவரிடம் நீட்டப்படும் உறுப்புப் பட்டியல், பல நேரங்களில், கணினி விளையாட்டு ஆடுவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாக இருக்கிறது. அதில் வரைகலை அட்டை பணத்தில் பெரும்பங்கை விழுங்கிவிட, வண்ண விளக்கு எரியும் பெட்டி அடுத்த பங்கை எடுத்துக்கொள்ள, திரையும் சேமிப்பும் மின்பாதுகாப்பும் கடைசி வரிகளில் ஒதுங்கிவிடுகின்றன. படம் திருத்துபவருக்கு இந்த வரிசை ஏறத்தாழத் தலைகீழாக அமைய வேண்டும் என்பதும், அந்த வரிசையை இவ்வட்டாரத்தில் எடுக்கப்படும் படங்களே தீர்மானிக்க வேண்டும் என்பதுமே இம்மடலின் வாதம்.

கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. கேமராவின் உணரி பதிவு செய்ததை எந்தத் திருத்தமும் செய்யாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு ரா கோப்பு எனப்படுகிறது. 24 மெகாபிக்சல் கேமராவில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒரு நிறத்தை மட்டுமே 14 பிட் நுணுக்கத்தில் பதிவதால், சுருக்காத நிலையில் ஒரு ரா கோப்பு ஏறத்தாழ 42 மெகாபைட் வரும். சுருக்கிப் பதிந்தால் 30 மெகாபைட் அளவில் நிற்கும். அதே கோப்பு திருத்தும் மென்பொருளில் திறக்கப்படும்போது விடுபட்ட இரண்டு நிறங்களும் கணித்து நிரப்பப்பட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பைட் என 16 பிட் நிலையில் விரிவதால், ஒரே ஓர் அடுக்கு 144 மெகாபைட் இடத்தைப் பிடித்துவிடுகிறது. இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கும் ஒரு கல்யாணத்தில் ஆளுக்கு 1,500 படம் என்றால் 90 ஜிகாபைட்; ஆண்டுக்கு இருபது கல்யாணம் என்றால் 1.8 டெராபைட். பட்டியலின் எந்த உறுப்புக்கு எவ்வளவு வேண்டும் என்பது இந்த எண்களிலிருந்தே பிறக்கிறது.

ஆயினும் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது திரை. வேகம் குறைந்த கணினியில் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். பொய் சொல்லும் திரையிலோ வேலையே கெட்டுப்போகும். டிஎன் எனப்படும் மலிவான வகைத் திரையில் பார்ப்பவரின் தலை சற்று உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் ஒளியும் நிறமும் மாறிவிடும். ஐபிஎஸ் வகையில் அந்த மாற்றம் மிகக் குறைவு. இதைக் கடையிலேயே சோதிக்க முடியும். மாப்பிள்ளையின் வெண்பட்டு வேட்டி பெரிதாகத் தெரியும் படம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய்த் திரை முழுவதும் திறந்து, உட்கார்ந்தும் எழுந்து நின்றும் பார்க்கும்போது, ஒரு நிலையில் தெரியும் மடிப்புகள் மறுநிலையில் வெளுத்து மறைந்தால் அத்திரை திருத்தும் வேலைக்கு ஆகாது. அடுத்துப் பார்க்க வேண்டியது நிற வரம்பு, அதாவது ஒரு திரை எத்தனை அடர்ந்த நிறம் வரை காட்டும் என்ற எல்லை. எஸ்ஆர்ஜிபி என்பது 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த வரம்பு. இணையப் படங்களுக்கும் பெரும்பாலான ஆல்பம் அச்சகங்களுக்கும் அதுவே அடிப்படை என்பதால் அதை ஏறத்தாழ முழுமையாகக் காட்டும் திரை போதும். விளம்பரத்தில் 72 விழுக்காடு என்டிஎஸ்சி (இன்னொரு, அகன்ற வரம்பு) என்று போட்டிருந்தால் அது பரப்பளவில் எஸ்ஆர்ஜிபிக்கு நிகரானது. 45 விழுக்காடு என்று போட்டிருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது.

இந்த வேறுபாடு எங்கே வெளிப்படும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையில் நூலின் ஓட்டமும் மடிப்பின் நிழலும் சரிகையின் ஓரமும் தெரிய வேண்டிய இடத்தில், நிற வரம்பு குறுகிய திரை ஒரே சிவப்புத் திட்டாகக் காட்டும். திருத்துபவர் அதை உயிர்ப்பிக்க நிறத்தை மேலும் ஏற்றுவார். அச்சில் புடவை எரிந்து நிற்கும். நெற்றிக் குங்குமத்துக்கும் கழுத்து மாலையின் செவ்வரளிக்கும் இதே கதிதான். நிழல் விழுந்த கருத்த முகத்தில் கன்னத்துக்கும் தாடைக்கும் இடையிலுள்ள மென்மையான நிறமாற்றத்தை மட்டமான திரை விழுங்கிவிடுவதால், முகம் தெரியவில்லை என்று வெளிச்சம் கூட்டப்பட்டு, ஆல்பத்தில் முகங்கள் சாம்பல் பூத்து வந்து சேர்கின்றன. முகங்களை வெளுத்துக் காட்டும் வழக்கத்துக்குத் திரை மட்டும் காரணமன்று என்பது வேறொரு விவாதம். ஆனால் அவ்வழக்கத்தை விட விரும்புபவருக்கும் நல்ல திரை இல்லாமல் வழியில்லை.

ஆல்பம் இருட்டாக வருகிறது என்று அச்சகத்தைக் குறை சொல்வதற்கு முன் திரையின் ஒளிர்வைப் பார்ப்பது முறை. புதிய திரைகள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கேண்டலா வரை ஒளிரும் நிலையில் பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. அச்சுக்கான திருத்தத்துக்கு 80 முதல் 120 வரை இருந்தால் போதுமானது. கண்ணளவில் இதைச் சரிசெய்வது கடினம் என்பதால், திரையின் மீது வைத்து நிறத்தை அளந்து சரிசெய்யும் அளவி என்ற சிறு கருவி தேவைப்படுகிறது. டேட்டாகலர், கேலிபிரைட் போன்ற நிறுவனங்கள் செய்யும் அக்கருவி மாதம் ஒருமுறைதான் கையில் எடுக்கப்படும். ஆகவே ஒரு வட்டாரத்தில் உள்ள நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கிச் சுற்றுக்கு விட்டால், தனியாளுக்குச் சுமையாக இருக்கும் செலவு ஒரு வேளைப் படப்பிடிப்புக் கூலியை நெருங்கிவிடும். அக்கருவியோடு பயன்படுத்த டிஸ்பிளேகால் என்ற இலவச மென்பொருளும் உண்டு. திரைக்கு மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஒதுக்குவது நியாயமானது. 24 அங்குலமே போதும், இயன்றால் 2560க்கு 1440 புள்ளிகள் கொண்ட 27 அங்குலம்.

இரண்டாவது, ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம். அது வேலை மேசை போன்றது: மேசை சிறிதானால் பாதிக் காகிதத்தைத் தரையில் வைத்துக் குனிந்து குனிந்து எடுக்க வேண்டியிருப்பதுபோல, ரேம் நிறைந்ததும் கணினி மிச்சத்தை மெதுவான சேமிப்புக்குத் தள்ளிவிட்டுத் திணறத் தொடங்கும். ஓர் அடுக்கு 144 மெகாபைட் என்றால் பத்து அடுக்குள்ள ஆல்பப் பக்கம் 1.4 ஜிகாபைட், அதன் முந்தைய நிலைகளை மென்பொருள் நினைவில் வைத்திருப்பதற்கு மேலும் சில ஜிகாபைட். 16 ஜிகாபைட்டில் காலம் தள்ளலாம், 32 ஜிகாபைட்டில் நிம்மதியாக வேலை செய்யலாம். கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் ஒத்திசைந்து மின்னும் மின்மினிகளைப் பிடிப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்; ஆடும் படகிலிருந்து நீண்ட நேர ஒளிப்பதிவு இயலாதென்பதால், அசையாத இடத்தில் முக்காலியை ஊன்றி அறுபது படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த ஒரு கோப்பே 8.6 ஜிகாபைட்டைத் தாண்டும். 2025இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியது இப்பட்டியலுக்கு விழுந்த பெரிய அடி. கை கடிக்குமானால், 16 ஜிகாபைட் துண்டு ஒன்றை மட்டும் இப்போது பொருத்தி, விலை இறங்கியதும் அதே வகையில் இன்னொன்றைச் சேர்ப்பது ஏற்கத்தக்க வழி. ஒற்றைத் துண்டில் வேகம் ஓரளவு குறையும், ஆனால் 8 ஜிகாபைட் துண்டுகள் இரண்டை வாங்கிப் பின்னர் கழற்றி எறியும் நட்டம் இராது.

சேமிப்பில் இரண்டு வகை கலந்தே இருக்க வேண்டும். நகரும் பாகமில்லாத எஸ்எஸ்டி வேகமானது, விலை கூடியது. சுழலும் தட்டைக் கொண்ட ஹார்டு டிஸ்க் மெதுவானது, ஒரு டெராபைட்டுக்கான விலையில் மலிவானது. என்விஎம்ஈ எனப்படும் எஸ்எஸ்டி தாய்ப்பலகையில் நேரே செருகப்படுவது. அதில் சாதாரணமானதுகூட விநாடிக்கு 2,000 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். சாட்டா கம்பியில் இணையும் எஸ்எஸ்டி 550ஐத் தாண்டாது, சாதாரண ஹார்டு டிஸ்க் 200ஐ ஒட்டி நிற்கும். ஒரு டெராபைட் என்விஎம்ஈயில் இயங்குதளமும் நடப்பில் இருக்கும் நான்கைந்து கல்யாணங்களும் இருக்க, ஆல்பம் ஒப்படைக்கப்பட்டவை ஹார்டு டிஸ்க்குக்கு நகர்வதே சிக்கனமான ஏற்பாடு. ஆனால் ஒரே டிஸ்க்கில் இருக்கும் படம் பாதுகாப்பில் இருக்கிறது என்று எவரும் எண்ணலாகாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு கூரையின் கீழ் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பதை நினைப்பவருக்கு மூன்றாவது நிபந்தனை ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. இணைய மேகத்தில் 1.8 டெராபைட் ஏற்றுவது பலருக்குக் கட்டாது. புக்கிட் ரோத்தானில் இருப்பவரின் டிஸ்க் தஞ்சோங் காராங்கில் இருப்பவர் வீட்டிலும், அவருடையது இவர் வீட்டிலும் பூட்டப்பட்டிருந்தால் அதற்குச் செலவே இல்லை.

செயலியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. படம் திருத்தும் மென்பொருள்கள் பல வேலைகளைச் செயலியின் ஒரு சில கருக்களிலேயே (கோர்) செய்வதால், பதினாறு கரு கொண்ட விலையுயர்ந்த செயலி கொடுத்த பணத்துக்கு ஈடான வேகத்தைத் தராது. ஆறு கரு கொண்ட இடைநிலைச் செயலி போதுமானது. பெயரின் கடைசி எழுத்தை மட்டும் கவனிக்க வேண்டும். இன்டெல் கோர் ஐ5 12400 என்பதற்குள் திரையை இயக்கும் வரைகலைப் பகுதி உண்டு, 12400எஃப் என்பதற்குள் கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜியில் உண்டு, வெறும் 5600இல் இல்லை. முதல் ஆண்டு வரைகலை அட்டை இல்லாமல் ஓட்ட நினைப்பவர் எஃப் எழுத்தில் மிஞ்சும் சில்லறைக்கு ஆசைப்பட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. ஏஎம்டி செயலிகள் பொருந்தும் ஏஎம்4 என்ற பழைய பொருத்துமேடை 2016இல் வந்தது, மலிவானது, ஆனால் அதன் வளர்ச்சி முடிந்துவிட்டது. 2022இல் வந்த ஏஎம்5 விலை கூடியது, பின்னாளில் செயலியை மட்டும் மாற்ற இடம் தருவது. பழையது வாங்குபவர்கள் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்வகைச் செயலிகளில் விழிப்பாக இருக்க வேண்டும். மிகை மின்னழுத்தத்தால் அவை நிலைகுலைவதை 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது.

வரைகலை அட்டை கடைசியில் நிற்க வேண்டும் என்ற விதிக்கு இவ்வட்டாரத்தில் ஒரு விலக்கு உண்டு. பல கோயில்களில் தீமிதி இரவில் நடக்கிறது. குழியின் கனல் ஒன்றே வெளிச்சமாக இருக்கும் நேரத்தில் ஐஎஸ்ஓ 6400இலோ அதற்கு மேலோ எடுக்கப்படும் படங்களில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் படர்ந்திருக்கும். 2023 ஏப்ரலில் லைட்ரூம் என்ற திருத்த மென்பொருளில் வந்த டீனாய்ஸ் என்ற வசதி, பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவின் துணையால் அப்புள்ளிகளை நீக்கி மயிரிழை விவரங்களைக் காக்கிறது. அந்த வேலை முழுவதும் வரைகலை அட்டையின் தலையில்தான் விழுகிறது. செயலிக்குள் அடங்கிய வரைகலைப் பகுதியில் ஒரு படத்துக்கே பல நிமிடம் ஆகும் வேலை, நடுத்தர என்விடியா அட்டையில் விநாடிக் கணக்கில் முடியும். ஒரு திருவிழாவில் தேறும் 200 படங்களை இப்படிச் சுத்தம் செய்பவருக்கு அட்டை ஆடம்பரமன்று. பகலில் நடக்கும் மண்டபக் கல்யாணங்களை மட்டும் எடுப்பவருக்கோ அதன் தேவை மிகச் சிறிது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள், தனி மின்கம்பி வேண்டாத ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிகாபைட் போன்றதைப் பின்னர் சேர்த்துக்கொள்ளும்படி தாய்ப்பலகையில் அதற்கான செருகிடத்தைக் காலியாக விட்டுவைத்தால் போதும்.

மின்சாரத்தைப் பற்றி எழுதாத கணினிப் பட்டியல் இந்நாட்டுக்கு ஏற்றதன்று. உலகில் மின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியா ஒன்று. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை கிட்டத்தட்ட அன்றாட நிகழ்ச்சி. பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி இன்னும் பயன்பாட்டில் இருக்கும் வீடுகளில் மின்னல் அதன் வழியே மோடத்துக்கும், அங்கிருந்து இணையக் கம்பி வழியே தாய்ப்பலகைக்கும் வந்து சேர்கிறது. ஒளியிழை இணைப்பில் அந்த வழி அடைபட்டுப் போகிறது. செப்புக் கம்பி உள்ளவர்கள் கணினியை வைஃபையில் இணைப்பது அந்த ஆபத்தைக் குறைக்கும். பெட்டியோடு இலவசமாக வரும் பெயரில்லாத 500 வாட் மின்வழங்கியை எவ்வளவு பணம் மிஞ்சினாலும் ஏற்கலாகாது; சாதாரணப் படத்திருத்தக் கணினிக்கு 450 முதல் 550 வாட் வரை போதும், ஆனால் அது பெயர் தெரிந்த நிறுவனத்துடையதாக, ஐந்து ஆண்டு உத்தரவாதம் உள்ளதாக இருக்க வேண்டும். 80 பிளஸ் முத்திரை மின்சிக்கனத்தை மட்டுமே அளப்பது. பாதுகாப்புக்கு அது சான்றாகாது. இடியில் ஈஎல்சிபி என்ற மின்கசிவுத் துண்டிப்பான் விழுந்து வீடே இருண்டுபோகும்போது, திறந்திருந்த கோப்பைச் சேமித்துக் கணினியை முறையாக அணைக்கச் சில நிமிடங்கள் தருவது யுபிஎஸ். அதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதைவிடச் செயலியில் ஒரு படி இறங்கி வாங்குவது அறிவுடைமை.

குளிரூட்டி இல்லாத அறையில் நண்பகல் வெப்பம் 32 பாகையைத் தொடும். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய பெட்டி பார்வைக்கு அழகாக இருந்தாலும் காற்றை உள்ளே விடாது. வலைமுகம் கொண்ட எளிய பெட்டியே இங்கு நல்லது. அதன் பின்புறத்தில் பயன்படாத செருகிடங்களை மூடும் தகரப் பட்டைகளைத் தொலைத்துவிடக் கூடாது. அந்த வெதுவெதுப்பைத் தேடிப் பல்லி அவ்வழியே நுழைந்து, தாய்ப்பலகையின் மீதோ மின்வழங்கிக்குள்ளோ மின்குறுக்கை உண்டாக்கி, தானும் செத்துக் கணினியையும் சாகடிப்பது பழுதுபார்ப்போர் நன்கறிந்த செய்தி.

அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், ஹெச்பி கணினிகளைப் புதுப்பித்து விற்பவர்களிடம் வாங்குவது, கையில் 1,500 ரிங்கிட்டே இருப்பவருக்கு மதிக்கத்தக்க வழி. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் 8ஆம் தலைமுறைக்கும் ரைசனில் 2000 வரிசைக்கும் முந்தையவற்றை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே மிக மலிவாகக் குவிந்து கிடக்கும் 6, 7ஆம் தலைமுறைக் கணினிகளின் விலை ஏன் அப்படி இறங்கியது என்பதைப் புரிந்துகொண்டு பேரம் பேச வேண்டும். லினக்ஸில் டார்க்டேபிள், கிம்ப் ஆகிய இலவச மென்பொருள்களோடு பழகியவருக்கு அக்கணினிகளும் உதவும். புதுப்பித்து விற்கப்படும் இத்தகைய அலுவலகக் கணினிகள் பலவற்றின் மின்வழங்கி அந்தந்த நிறுவனத்தின் தனி வடிவத்தில் இருப்பதால், பின்னாளில் பெரிய வரைகலை அட்டை சேர்க்க இயலாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இத்தகைய பழைய கணினிக்குப் பொருத்தமான வேலை ஒன்று இவ்வட்டாரத்தில் காத்திருக்கிறது. 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் நடப்பட்டது பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய தென்னமாரம் தோட்டத்தில். அதற்கு முன்பும் பின்பும் ரப்பரிலும் செம்பனையிலும் உழைத்த குடும்பங்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயன்கள் இடிக்கப்பட்ட பிறகு, அடுக்குமாடி வீடுகளின் அலமாரிகளில் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேனரில் வருடினால் 2400க்கு 3600 புள்ளிகள். அதைத் திருத்த 8 ஜிகாபைட் ரேமே தாராளம். கல்யாணப் பருவம் ஓய்ந்த மாதங்களில் இதைக் கூலிக்கும் செய்யலாம், கூலியில்லாமலும் செய்யலாம்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, கோலாலம்பூரின் லோயாட் பிளாசாவில் கடைக்குக் கடை விலை கேட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் பொருத்தி எடுத்துவரலாம். இயங்கலையில் சில உறுப்புகள் மலிவாகக் கிடைக்கும். 2024 ஜனவரி 1 முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கப்படுவதால், சீனாவிலிருந்து நேரே வரும் எஸ்எஸ்டியின் விலையை உள்ளூர் விலையோடு ஒப்பிடும்போது அதைச் சேர்த்துக் கூட்ட வேண்டும். உத்தரவாதம் உள்ளூர் முகவருடையதா விற்பவருடையதா என்பதை ரசீதில் எழுதி வாங்குவதும், பெட்டியிலுள்ள தொடர் எண் ரசீதில் இருப்பதை உறுதி செய்வதும், ரசீதின் மை மங்குமுன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைப்பதும் அவசியம். குறைபாடுள்ள பொருளை மாற்றித்தர விற்பவர் மறுத்தால், 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை அணுகலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த ரசீதுதான்.